வீட்டில் பீர் காய்ச்ச மர ஸ்டாண்டு: எடையைவிட உயரத்துக்கும் நெருப்புக்கும்தான் பயப்பட வேண்டும்

கேள்வியின் சாரம் இது: கேட்டவர் ஒரு தடவைக்கு 20 லிட்டர் பீர் காய்ச்சுகிறார். ஐம்பது லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் பாத்திரங்கள் இரண்டு, மாஷுக்கு, அதாவது மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) வெந்நீரில் ஊறவைக்க, ஒரு ஐஸ் பெட்டி, இரண்டு கேஸ் பர்னர்கள் கையில் இருக்கின்றன. 38க்கு 89 மில்லிமீட்டர் பைன் சட்டங்களால் மூன்று தட்டு ஸ்டாண்டு ஒன்று செய்து, மேலே வெந்நீர், நடுவில் மாஷ், கீழே கொதிபாத்திரம் என்று வைத்து, திரவம் தானாகவே மேலிருந்து கீழே இறங்கும்படி அமைக்க விரும்புகிறார். பர்னர்களை மரத்திலேயே போல்ட் போட்டுப் பிடித்து, இடையில் சிமென்ட் பலகை வைப்பதாக உத்தேசம். இந்த மரம் எடையைத் தாங்குமா, சக்கரம் வைக்கலாமா, எந்த வார்னிஷ் பூசலாம் என்று கேட்கிறார்.

எடையை மரம் தாங்கும். தாராளமாகத் தாங்கும். ஆனால் நீங்கள் வரைந்திருக்கும் ஸ்டாண்டைச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்த மாதிரி ஸ்டாண்டுகளில் மரம் நொறுங்கி விபத்து நடப்பது அபூர்வம். சாய்வதும், கருகுவதும், தலைக்கு மேலிருந்து வெந்நீர் கொட்டுவதும்தான் நடக்கின்றன.

முதலில் எடைக் கணக்கை முடித்துவிடுவோம். இருபது லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 5 கிலோ மால்ட் வேண்டும். கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் மாஷுக்கு 15 லிட்டர் நீர், பிறகு மால்ட்டைக் கழுவ 16 லிட்டர், ஆக 31 லிட்டர். மால்ட் கிலோவுக்கு ஒரு லிட்டர் அளவில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதில் 5 லிட்டர் போய், கொதிபாத்திரத்துக்கு 26 லிட்டர் வந்து சேரும். ஒரு மணி நேரக் கொதிப்பில் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும். ஆகவே எந்த நேரத்திலும் ஸ்டாண்டில் இருக்கும் திரவம் 31 லிட்டரைத் தாண்டாது. அதே நீர்தான் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறிக்கொண்டிருக்கிறது. பாத்திரம், பெட்டி, மால்ட் எல்லாம் சேர்த்தாலும் 60 கிலோவுக்குள் அடங்கிவிடும். நாளைக்கு ஆசை பெருகி மூன்று பாத்திரங்களையும் விளிம்பு வரை நிரப்பினாலும் 175 கிலோவுக்குப் பக்கத்தில்தான் வரும். குறுக்கே சரியாகப் பிணைத்த 38க்கு 89 பைன் கால் ஒன்று மட்டுமே, நேர் கீழ்நோக்கிய சுமையாக ஒரு டன்னுக்கு மேல் தாங்கக்கூடியது. நான்கு கால்கள் இருக்கின்றன. எனவே தடித்த மரம் தேடி அலைய வேண்டாம்.

இப்போது உயரத்துக்கு வருவோம். ஸ்டாண்டின் உயரத்தை நீங்கள் தீர்மானிப்பதாக நினைக்கிறீர்கள். உண்மையில் அதைத் தீர்மானிப்பவை பாத்திரங்கள். கடைசியில் பீர் நொதிக்கும் வாளி சுமார் 40 சென்டிமீட்டர் உயரம். கொதிபாத்திரத்தின் வால்வு அதற்கு மேலே இருக்க வேண்டும் என்றால் பாத்திரத்தின் அடி 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பாத்திரம் 40 செ.மீ. உயரம் என்றால் அதன் விளிம்பு 85இல் வரும். மாஷ் பெட்டி அதற்கும் மேலே, அடி 90, விளிம்பு 130. வெந்நீர்ப் பாத்திரம் அதற்கும் மேலே, அடி 135, விளிம்பு 175. அதாவது சராசரி உயரமுள்ள ஒருவர் நுனிக்காலில் நின்றாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்ப்பது கடினம். அந்த உயரத்தில் 75 டிகிரி செல்சியஸ் வெந்நீர் இருக்கப்போகிறது. அறுபது டிகிரி நீரே சில விநாடிகளில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். எழுபதைத் தாண்டினால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் கிடைக்காது. அதையும் ஸ்டூலில் ஏறி நின்று கையாள வேண்டும். வரைபடத்தில் கச்சிதமாகத் தெரிவது காய்ச்சும் நாளில் ஏணி வேலையாகிவிடும்.

சாயும் கணக்கு இன்னும் மோசம். ஸ்டாண்டின் ஆழம், அதாவது முன்காலுக்கும் பின்காலுக்கும் உள்ள தூரம், 45 செ.மீ. என்று போட்டிருக்கிறீர்கள். காய்ச்சல் தொடங்கும்போது நீர் முழுவதும் மேல்தட்டில். கீழே இரண்டும் காலி. மேலே 40 கிலோ, ஸ்டாண்டு 25 கிலோ, காலிப் பாத்திரங்கள் 14 கிலோ, மொத்தம் ஏறக்குறைய 80 கிலோ. இதை 170 செ.மீ. உயரத்தில் ஒருவர் முன்னிருந்து தள்ளினால் எவ்வளவு விசையில் பின்பக்கம் சாயும்? எண்பதை 22.5ஆல் பெருக்கி 170ஆல் வகுத்தால் பத்துக்கு மேல் சொச்சம் வருகிறது. பத்துப் பதினோரு கிலோ விசை! கால் தடுக்கிய ஒருவர் பிடிமானத்துக்குக் கையை நீட்டினால் போதும். படிக்கட்டு போல நீளவாக்கில் அடுக்கினாலும் ஆழம் அதே 45 தான் என்பதால் இந்தக் கணக்கு மாறாது. மரம் எவ்வளவு உறுதியானது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தேக்கில் செய்தாலும் இதே கதைதான். திரவம் இறங்க இறங்க ஸ்டாண்டு நிதானப்படும் என்பது உண்மை. ஆனால் மிக ஆபத்தான நேரம் மிகச் சூடான நீர் மிக உயரத்தில் இருக்கும் ஆரம்ப நேரம்தான்.

அடுத்தது நெருப்பு. மரம் சுடர் பட்டுப் பற்றிக்கொள்ள அதன் மேற்பரப்பு 300 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். சிமென்ட் பலகை வைத்துவிட்டால் அவ்வளவு தூரம் போகாது என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கலாம். சிமென்ட் பலகை எரியாது என்பது சரி. ஆனால் எரியாத பொருள் எல்லாம் வெப்பத்தைத் தடுக்கும் பொருள் ஆகிவிடாது. மரத்தோடு ஒட்டி அறைந்த சிமென்ட் பலகை, ஒரு மணி நேரத்தில் தன் வெப்பத்தைப் பின்னால் இருக்கும் மரத்துக்கு நிதானமாகக் கடத்திவிடும். மரம் உடனே பற்றாது. முதலில் ஈரம் முழுதும் வற்றும், பழுப்பாகும், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். கருகிய மரம் புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கனியத் தொடங்கும். இதெல்லாம் பலகைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் என்பதுதான் சங்கடம். பத்து முறை ஒன்றும் ஆகவில்லை என்பது பதினோராவது முறைக்கு உத்தரவாதம் ஆகாது.

இன்னொன்று. பர்னரின் வெப்பம் முழுவதும் பாத்திரத்துக்குள் போவதில்லை. கணிசமான பங்கு பாத்திரத்தின் பக்கவாட்டில் வழிந்து, சூடான காற்றாக மேலே ஏறுகிறது. மூன்று தட்டு அமைப்பில் அந்தப் பாதையில்தான் அடுத்த தட்டின் சட்டங்கள் வந்து நிற்கின்றன. மாஷ் பெட்டியின் பிளாஸ்டிக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: நெருப்பை இரும்பு சுமக்கட்டும், மாஷ் பெட்டியை மரம் சுமக்கட்டும். பர்னர்கள் இரண்டும் தத்தம் இரும்புக் கால்களில் தரையில் நிற்க வேண்டும். மர ஸ்டாண்டில் ஒரே தட்டு, 90 செ.மீ. உயரத்தில், அதில் மாஷ் பெட்டி மட்டும். அதிலிருந்து வொர்ட், அதாவது மால்ட் ஊறி வடியும் இனிப்புச் சாறு, தானாகவே இறங்கிக் கொதிபாத்திரத்துக்குப் போகும். அப்படியானால் கழுவும் நீர் மேலே எப்படிப் போகும்? கையால்தான். இரண்டு லிட்டர் கொள்ளும், நீண்ட கைப்பிடியுள்ள செம்பு அல்லது ஜாடியால் எட்டு முறை மொண்டு ஊற்றினால் 16 லிட்டர் முடிந்தது. இந்த எட்டு முறை மொள்ளுவதைத் தவிர்க்கத்தான் அந்த மூன்றாவது தட்டும், அந்த ஏணியும், சாயும் பயமும் என்று யோசித்துப்பாருங்கள். நீரைச் சுடவைத்த பாத்திரத்தை அப்படியே தூக்கி ஊற்றவும் கூடாது. மொண்டுதான் ஊற்ற வேண்டும்.

பர்னருக்கும் மரத்துக்கும் இடையே அரை மீட்டர் இடைவெளி விடுங்கள். பர்னரைப் பார்த்திருக்கும் பக்கத்தில் ஒரு தகரத் தகட்டையோ சிமென்ட் பலகையையோ மாட்டுவது நல்லது. மரத்தோடு ஒட்டாமல், 25 மில்லிமீட்டர் உலோகக் குழாய்த் துண்டுகளை இடையில் கொடுத்து, கீழும் மேலும் திறந்திருக்கும்படி மாட்டுங்கள். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் காற்று கீழிருந்து புகுந்து மேலே வெளியேறிக்கொண்டே இருக்கும். காப்பாற்றுவது அந்தக் காற்றுதான். தகடு அதற்கு ஒரு சுவர், அவ்வளவே. மாஷ் வால்விலிருந்து வரும் சிலிக்கான் குழாயையும் கவனியுங்கள். எரியும் பர்னருக்கு மேலே அது தொங்கினால் கருகிவிடும். பாத்திரத்தின் விளிம்பை ஒட்டிய கடைசி 30 செ.மீ.க்கு எவர்சில்வர் அல்லது செம்புக் குழாய் போடுங்கள், அல்லது வொர்ட் இறங்கி முடியும்வரை பர்னரை அணைத்து வையுங்கள்.

கேஸ் அடுப்பைப் பற்றி இரண்டே விஷயம். மூடிய அறையிலோ கார் ஷெட்டிலோ இந்த அளவு பர்னரை எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும் என்பதால் சிலிண்டரை ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒளித்துவைக்கவே வேண்டாம்.

இனி மர வேலை. உங்களிடம் இருக்கும் 38க்கு 89 சட்டங்களே போதும். நேரான இழையோட்டம், சிறிய கணுக்கள், முறுக்கு இல்லாத துண்டுகளாகப் பொறுக்கி எடுங்கள். சட்டத்தின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பார்த்தாலே வளைவும் முறுக்கும் தெரிந்துவிடும். பழைய வேலியிலிருந்தோ தளத்திலிருந்தோ பிரித்த மரம் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் ஜாக்கிரதை. பழைய காலத்தில் பதப்படுத்திய மரங்களில் குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த கலவை ஏற்றப்பட்டிருக்கும். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் பயன்படுத்துவதை 2003ஆம் ஆண்டு இறுதியோடு உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முந்தைய மரங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அறுக்கும்போது தூசியும், எரிந்தால் புகையும் நஞ்சு. இப்போது வரும் பதப்படுத்திய மரங்களில் செம்பு அதிகம். அது சாதாரணத் துத்தநாகப் பூச்சு ஆணிகளை அரிக்கும். நெருப்புக்கு அருகே வைக்கப்போகும் ஸ்டாண்டுக்குப் பதப்படுத்தாத மரமும் நல்ல பூச்சும் போதும்.

கால்களைச் செய்வதில்தான் ஸ்டாண்டின் உயிர் இருக்கிறது. பலர் செய்வது, காலின் பக்கத்தில் குறுக்குச் சட்டத்தை வைத்து நான்கு ஸ்க்ரூ முடுக்குவது. அப்போது முழு எடையும் அந்த ஸ்க்ரூக்களின் கழுத்தில் தொங்குகிறது. குறிப்பாக ஜிப்சம் பலகைக்குப் பயன்படும் கறுப்பு ஸ்க்ரூக்கள் கடினமானவை, ஆனால் வளையாமல் பொசுக்கென்று முறிபவை. எடை மரத்தின் மேல் மரமாக உட்கார வேண்டும். போல்ட் அதை நகராமல் பிடித்துக்கொண்டால் போதும்.

இதற்கு உளி பிடித்துக் காடி வெட்ட வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு காலையும் இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். உள்ளடுக்கு 875 மில்லிமீட்டர் நீளமுள்ள முழுச் சட்டம். வெளியடுக்கு இரண்டு துண்டுகள்: கீழே 150 மி.மீ., அதற்கு மேலே 89 மி.மீ. இடைவெளி, பிறகு 547 மி.மீ. துண்டு. அதற்கு மேலே மீண்டும் 89 மி.மீ. வெறுமை. கூட்டிப்பாருங்கள், 875 சரியாக வரும். அந்த 89 மி.மீ. இடைவெளியில் கீழ்க் குறுக்குச் சட்டம் நிறுத்திவைத்த வாக்கில் அப்படியே போய் உட்காரும். உச்சியில் இருக்கும் வெறுமையில் மேல் குறுக்குச் சட்டம் உட்காரும். இரண்டு அடுக்கையும் நீர் தாங்கும் மரப்பசை பூசி, கவ்விபோட்டு இறுக்கி, ஒரு நாள் விடுங்கள். ஐரோப்பியத் தர அளவுகளில் டி3 அல்லது டி4 என்று குறித்த பசை ஈரத்துக்கு நிற்கும். ஒட்டும்போது அந்த இடைவெளியில் ஒரு சட்டத் துண்டைச் செருகிவைத்து அளவு பார்த்து ஒட்டுங்கள். பசை காய்ந்த பிறகு ஒரு மில்லிமீட்டர் போதாமல் போனால் மீண்டும் உளிதான். செருகிய துண்டில் பசை ஒட்டாமல் இருக்க அதைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள்.

முன்சட்டமும் பின்சட்டமும் வெளியடுக்குத் துண்டுகளின் மேல்முனைகளான இந்தத் தோள்களில் உட்கார்ந்த பிறகு, ஒவ்வொரு சந்திப்பிலும் 10 மி.மீ. போல்ட் இரண்டு, இருபுறமும் அகலமான வாஷரோடு. இரண்டையும் ஒரே இழை வரிசையில் போடாமல் சற்று விலக்கிக் குறுக்காகப் போட்டால் மரம் பிளக்காது. மேல்தட்டுப் பலகைகளை முன்சட்டத்திலிருந்து பின்சட்டத்துக்குக் குறுக்கே 25 மி.மீ. தடிமனில் அடுக்குங்கள். ஆக மொத்த உயரம் 900 மி.மீ. எடை பலகையிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து காலின் தோளுக்கு, தோளிலிருந்து தரைக்கு என்று மரத்தின் வழியாகவே இறங்கிவிடுகிறது. பக்கச் சட்டங்களுக்குச் சுமை இல்லை; அவை காலைப் பிணைக்க மட்டும்.

குறுக்குச் சட்டத்தை எப்போதும் நிறுத்திவைத்தே பொருத்துங்கள். ஒரே மரம்தான், ஆனால் படுக்கவைத்ததைவிட நிறுத்திவைத்தது ஐந்தரை மடங்கு விறைப்பு. அறுபது சென்டிமீட்டர் அகல ஸ்டாண்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பிற்பாடு நீங்கள் ஒன்றரை மீட்டர் நீள பெஞ்சாக நீட்டினால், சட்டத்துக்கு 75 கிலோ பரவலான சுமையில், நிறுத்திவைத்தது 2 மி.மீ.க்குள் தொய்யும்; படுக்கவைத்தது 10 மி.மீ. தொய்யும். ஈரம் குடித்த மரம் நாள்பட இன்னும் தொய்யும்.

மூலைவிட்டம் போடாமல் விட்டுவிடாதீர்கள். நாற்சதுரச் சட்டம் எவ்வளவு இறுக்கினாலும் பக்கவாட்டில் ஆடும், முக்கோணம் ஆடாது. பின்பக்கம் முழுக்க 12 மி.மீ. பிளைவுட் ஒன்றை அறைந்துவிட்டால் அந்தத் திசை தீர்ந்தது. இரு பக்கங்களிலும் கை நீள முட்டுச் சட்டம் ஒவ்வொன்று, 45 டிகிரியில். ஸ்டாண்டின் அடி ஆழம் 55 செ.மீ.க்குக் குறைய வேண்டாம்.

மாஷ் பெட்டிக்கு அடியில் முழுப் பரப்பும் தாங்கல் வேண்டும். ஐஸ் பெட்டியின் அடிப்பகுதி மெல்லிய பிளாஸ்டிக்கும் நுரையும்தான். உள்ளே 66 டிகிரியில் மாஷ் ஒரு மணி நேரம் கிடக்கும்போது பிளாஸ்டிக் இளகும், இரண்டே ரீப்பர்களின் மேல் அதை வைத்தால் நடுவில் தொப்பை போடும். பலகைகளுக்கு இடையே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி மட்டும் விடுங்கள். சிந்திய நீர் வடியவும், மரம் அகலவாக்கில் உப்பவும் அது போதும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. அகலவாக்கில் மாறும், 89 மி.மீ. சட்டம் நன்றாகக் காயும்போது ஒன்றரை மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். அதனால்தான் புதிதாகச் செய்த ஸ்டாண்டின் போல்ட்கள் சில வாரங்களில் தளர்கின்றன. யாரும் சரியாக முடுக்கவில்லை என்று அர்த்தமில்லை. திரும்ப ஒருமுறை முடுக்குங்கள். போல்ட் போடச் சொன்னதற்கு இதுவும் காரணம், ஸ்க்ரூவைத் திரும்பத் திரும்ப முடுக்கினால் மரத்தில் மரை அழிந்துவிடும். பெட்டி நழுவாமல் இருக்கத் தட்டின் நான்கு ஓரங்களிலும் விரற்கடை உயரத்துக்கு ரீப்பர் அடித்துவிடுங்கள். மால்ட்டைக் கிளறும்போது பெட்டி நகர்வதை அது தடுக்கும்.

நாளைக்கு பர்னரை விட்டு மின்சாரத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், மர ஸ்டாண்டுக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை. பாத்திரத்துக்குள்ளேயே மூழ்கியிருக்கும் ஹீட்டர் என்றால் பாத்திரத்தின் அடி ஒருபோதும் 100 டிகிரியைத் தாண்டாது, சுடரும் இல்லை. மூன்று பாத்திரங்களையும் ஒரே மட்டத்தில், 60 செ.மீ. உயர பெஞ்சில் வரிசையாக வைத்துவிடலாம். விளிம்பு ஒரு மீட்டரில், முழங்கை உயரத்தில் வந்து நிற்கும். உள்ளே பார்க்கலாம், கிளறலாம். கொதிபாத்திரத்தின் வால்வு நொதிக்கும் வாளியைவிட உயரத்தில் இருப்பதால் கடைசி இறக்கம் தானாகவே நடக்கும். மற்ற இரண்டு மாற்றல்களுக்கும் ஒரு சிறிய காந்தப் பம்பு. இந்த வகைப் பம்பு தானாக நீரை உறிஞ்சி எடுக்காது, நீர் அதற்குள் வழிந்து வந்து நிரம்ப வேண்டும்; எனவே கீழ்க் குறுக்குச் சட்டத்தில், பாத்திரத்துக்கு நன்கு கீழே பொருத்துங்கள். வெளியேறும் வாய் மேல்நோக்கி இருந்தால் சிக்கிய காற்று தானே போய்விடும். மேலிருந்து சொட்டும் வொர்ட் மோட்டாரில் விழாதபடி ஒரு தகட்டுக் கூரையும் வேண்டும்.

மூன்று கிலோவாட் ஹீட்டர் 40 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 68க்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் எடுக்கும். கேஸைவிட நிதானம்தான், அந்த நேரத்தில் மால்ட்டை அரைத்துக்கொள்ளலாம். நீரும் மின்சாரமும் ஒரே மேஜையில் இருக்கப்போவதால் 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுமின் பிரேக்கர் இல்லாமல் ஒருநாளும் இயக்க வேண்டாம். பாத்திரத்தை நேரே பலகையில் வைக்காமல் கீழே ஒரு தக்கைப் பலகை கொடுங்கள். நூறு டிகிரியில் பலகை பற்றாது, ஆனால் அந்த இடம் மட்டும் காய்ந்து வெடிக்கும். கொதிபாத்திரத்துக்கு நேர் மேலே அலமாரி எதுவும் கூடாது. ஆவி மரத்தில் பட்டு, நீராகி, மரத்தின் தூசியோடு பாத்திரத்துக்குள்ளேயே சொட்டும். வேகவைத்த சோளம் போன்ற வாடையைத் தரும் டைமெத்தில் சல்பைடு ஆவியோடு வெளியேறத்தான் மூடியைத் திறந்து கொதிக்கவைக்கிறோம். அதைத் திரும்ப உள்ளே விழவைக்கக் கூடாது.

பூச்சு. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பாலியூரித்தேன் வார்னிஷ், மூன்று கை. பலகையின் முகத்தைவிட வெட்டுமுனைகளில் அதிக அக்கறை காட்டுங்கள். மரம் நீரைக் குடிப்பது முனை வழியாகத்தான். கால்களின் அடிமுனையை எபாக்சி பூசி அடைத்து, அதன்மேல் ரப்பர் அடி ஒட்டிவிட்டால் ஸ்டாண்டின் ஆயுள் கூடும். ஆளி விதை எண்ணெய் பூச விரும்பினால் பூசலாம், ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொண்ட சம்பவங்கள் உண்டு. விரித்துக் காயவிடுங்கள்.

பூச்சு அழகுக்கு மட்டுமில்லை. வொர்ட் என்பது சர்க்கரைத் தண்ணீர். பூச்சில்லாத மரத்தின் இணைப்பில் அது இறங்கிவிட்டால் பூஞ்சணமும் காட்டு ஈஸ்ட்டும் அங்கே குடியேறும். மரமும் ஈஸ்ட்டும் பழைய கூட்டாளிகள். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் 1904இல் அடையாளம் கண்ட பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட், பீப்பாய் மரத்தின் உட்புறம்வரை புகுந்து பிழைத்திருக்கக் கூடியது. பெல்ஜியத்தின் லாம்பிக் வகை பீர்களுக்கு அதுதான் குணத்தைக் கொடுக்கிறது. நீங்கள் காய்ச்சுவது லாம்பிக் இல்லை. எனவே காய்ச்சி முடித்த அன்றே, வொர்ட் காய்ந்து பிசுபிசுப்பதற்கு முன், வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். கொதித்து ஆறிய வொர்ட் படும் கருவி எதையும் மரத்தட்டில் வெறுமனே வைக்க வேண்டாம், ஒரு எவர்சில்வர் தட்டு வைத்து அதில் வையுங்கள்.

சக்கரம் கேட்டிருந்தீர்கள். ஸ்டாண்டைக் காலியாக ஓரத்துக்கு நகர்த்தத்தான் என்றால் சரி. சூடான திரவத்தோடு ஒரு அங்குலம்கூட உருட்டக் கூடாது. நான்கு சக்கரம் என்பதால் எடையை நான்கால் வகுக்காதீர்கள். தரை சமமில்லாத இடத்தில் எப்போதும் மூன்று சக்கரங்கள்தான் தரையைத் தொடும். மூன்றால் வகுத்து, அந்த எடைக்கு மேல் தாங்கும் சக்கரம் வாங்குங்கள். நான்கிலும் பூட்டு வேண்டும். சக்கரத்தின் உயரத்தைக் காலில் கழித்துக்கொள்ள மறந்தால் 900 மி.மீ. கணக்கு கலைந்துவிடும். என்னைக் கேட்டால் ஒரு பக்கம் மட்டும் இரண்டு சக்கரங்களைத் தரையில் படாமல் பொருத்தி, மறுபக்கத்தைத் தூக்கினால் மட்டும் உருளும்படி செய்வேன். காய்ச்சும்போது ஸ்டாண்டு தன் சொந்தக் காலிலேயே நிற்கும்.

ஒரு பலகையை அறுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. செங்கல், மரப்பெட்டி, எது கிடைக்கிறதோ அதை அடுக்கிப் பாத்திரங்களை உத்தேச உயரங்களில் காலியாக வைத்துப்பாருங்கள். குழாயை மாட்டிப்பாருங்கள், மடங்காமல், மேடேறாமல் இறங்குகிறதா? துடுப்பை எடுத்துக் கிளறுவது போல் பாவனை செய்யுங்கள், தோள் உயர்கிறதா? இந்த அரை மணி நேரத்தில் என் அளவுகளில் பாதியை உங்கள் உயரத்துக்கேற்ப மாற்றிக்கொள்வீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

செய்து முடித்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, பெட்டியைக் குளிர்ந்த நீரால் விளிம்பு வரை நிரப்பி ஓரிரவு விடுங்கள். காலையில் ஒவ்வொரு தோளிலும் மேல் சட்டத்துக்கும் கீழ்த் துண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் எடை மரத்தில் உட்காரவில்லை, போல்ட்டில் தொங்குகிறது என்று பொருள். போல்ட்டைத் தளர்த்தி, சட்டத்தைத் தட்டி உட்காரவைத்து மீண்டும் முடுக்குங்கள். பிறகு நீர் நிறைந்த நிலையிலேயே மேல் ஓரத்தைப் பிடித்து நான்கு திசையிலும் நன்றாகத் தள்ளிப்பாருங்கள். முனகினால் மூலைவிட்டம் போதவில்லை. அடுத்து, கொதிபாத்திரத்தில் வெறும் நீரை வைத்து பர்னரை ஒரு மணி நேரம் எரியவிட்டு, மறைப்புத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் மரத்தில் புறங்கையை வையுங்கள். கையை எடுக்காமல் பத்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் பர்னரை இன்னும் தள்ளி வையுங்கள். இந்த வெள்ளோட்டத்தை மால்ட் போட்டுச் செய்யாதீர்கள். கொதிக்கும் வொர்ட் தோலில் ஒட்டிக்கொள்ளும், நீர் போல் வழிந்துவிடாது.

கேள்வியில் இல்லாத ஒன்று, சட்டம். வீட்டில் பீர் காய்ச்சுவதை பிரிட்டன் 1963இல் உரிமம் இல்லாமல் அனுமதித்தது; அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட பிறகுதான் வழி பிறந்தது. பல இடங்களில் இன்றும் தடை உண்டு. மரம் வாங்குவதற்கு முன் உங்கள் பகுதியின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்த்தட்டில் நொதிக்கும் வாளியையே வைத்துவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், வரைபடத்தில் அங்கே காலியிடம் விட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஏல் வகை பீருக்கான ஈஸ்ட்டுகள் பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 22 டிகிரி வரை சீரான வெப்பநிலை வேண்டும், வெளிச்சம் படக்கூடாது. வெளிச்சம் பட்டால், பீரில் கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்கள் சிதைந்து நாற்றம் வந்துவிடும். வாளி வீட்டுக்குள் இருட்டறையில் இருக்கட்டும். அந்தக் காலியிடத்தில் மால்ட் மூட்டையையும் குழாய்ச் சுருளையும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே கனம் இருந்தால் ஸ்டாண்டும் கொஞ்சம் நிதானமாக நிற்கும்.